அணை போடுமுன் மதகு வை

'வெள்ளம் வருமுன் அணை போடு' என்பது நம் முன்னோர் மொழி. அம்மொழியோடு இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுதல் நலம்: அணை போடுமுன் மதகு வை. இதன் உண்மையைப் பெங்களூரில் வாழும் நாம் 2019-ஆம் ஆண்டில் கண்கூடாகக் கண்டோம். அவ்வாண்டு நவம்பர்த் திங்கள் 24-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமையன்று, நகரின் தென்பகுதியிலுள்ள ஹுளிமாவு ஏரியின் கரை உடைந்தது. நூற்றுக்கணக்கான வீடுகளில் நீர் புகுந்தது. அரிசியும் துணியும் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களும் நனைந்து பாழாயின. கரையில் மண் தோண்டப்பட்ட இடத்திலேயே உடைப்பு ஏற்பட்டதென்று அந்நாளைய செய்தித்தாள்கள் எழுதின.

பேரேரிக்கு உரிய இந்தப் பாடம் சிறு குளத்திற்கும் உரியதே. நம் சங்கத்து அன்பர்களுள் பலர் கிருட்டிணகிரி, தருமபுரி, வேலூர் மாவட்டங்களிலிருந்து பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்தவர்கள். ஊரில் கால் காணியோ அரைக் காணியோ இன்னும் அவர்கள் பெயரில் இருக்கிறது. பணி ஓய்வுக்குப் பின் அந்நிலத்தில் ஒரு மீன்குளம் வெட்டலாமா என்ற எண்ணம் இன்று பலருக்கு எழுந்துள்ளது. நல்ல எண்ணந்தான். ஆனால் 'குளம்' என்றவுடனே நம் மனக்கண்ணில் தோன்றுவது நீரும் கரையும் மட்டுமே. நீரை வெளியே விடும் வழி கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. சிலருக்கு நினைவுக்கே வருவதில்லை. குளத்தின் உயிர் அந்த வழியிலேதான் இருக்கிறது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோர் கண்ட வழி

தமிழும் கன்னடமும் உடன்பிறந்த மொழிகள் என்பதற்கு ஏரிக்கரையே சான்று பகரும். நாம் நீர்நிலையை 'ஏரி' என்கிறோம். கன்னடத்தார் நீர்நிலையைக் 'கெரெ' என்று கூறி, அதன் கரையை 'ஏரி' என்பர். நம் 'தூம்பு' அவர்கள் நாவில் 'தூபு'. நாம் கலிங்கு என்பதை அவர்கள் 'கோடி' என்பர். பெயர்கள் சற்றே மாறினும் உறுப்புகள் மூன்றே: நீரைத் தடுக்கும் கரை, வேண்டியபோது நீரை விடும் தூம்பு, மிகுந்த நீர் தானே வழியும் கலிங்கு.

இந்நகரின் பழமையும் ஏரியோடு பிணைந்ததே. ஒயிட்பீல்டுக்கு அருகே காடுகோடியிலுள்ள காசி விசுவேசுவரர் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தது; ஆண்டு கி.பி. 1043. இராசராச வேளான் என்பவன் பட்டந்தூர் ஏரியை அமைத்த செய்தியை அது கூறுகிறது. அதற்கும் முந்தியது அகரம் ஏரியைச் சார்ந்த 9-ஆம் நூற்றாண்டுக் கன்னடக் கல்வெட்டு. அதில் ஏரிகளுக்குத் தூம்பு வைத்ததே சிறப்பாகப் பொறிக்கப்பட்டுள்ளது. கல்லில் வெட்டி வைக்கும் அளவுக்கு அது பெரிய அறமாக மதிக்கப்பட்டது.

தமிழகத்துப் பழைய ஏரிகளில் காணப்படும் குமிழித் தூம்பின் அமைப்பு வியப்பூட்டுவது. கரைக்கு உட்புறம், ஏரியின் உள்ளே, கற்பலகைகளால் ஒரு தொட்டி அமைத்திருப்பர். அதன் மேற்பலகையில் ஒரு துளை, அது நீரோடி. அடிப்பகுதியில் சிறிய துளைகள், அவை சேறோடி. நீரோடியை மூடியுள்ள கல்லைத் தூக்கினால் தெளிந்த நீர் மேல்வழியே இறங்கும். அந்த ஓட்டத்தின் இழுப்பில் அடியிலுள்ள சேறும் கலங்கி வெளியேறும். தொட்டியிலிருந்து கரையின் அடியாக ஒரு கால்வாய் வயலுக்குச் செல்லும். மேல்நீரும் அடிநீரும் தனித்தனியே வழி பெற வேண்டும் என்னும் இக்கருத்தைச் சற்றுப் பொறுத்து மீண்டும் காண்போம்.

இடமும் மண்ணும்

முதலில் ஓர் எச்சரிக்கை. ஓடையின் குறுக்கே அணை கட்டிக் குளமாக்க நினைத்தல் கூடாது. ஓடை பலருக்கும் பொது. இந்நகரில் இராசகாலுவை எனப்படும் நீர்வழிகளை அடைத்ததால் விளைந்த துன்பத்தை மழைக்காலந்தோறும் காண்கிறோம். நம் குளம் ஓடைக்கு ஒதுங்கி, நம் நிலத்துக்குள், இலேசான சரிவில் அமையட்டும். குளத்தின் அடித்தளத்தை விடத் தாழ்வான இடம் கரைக்கு வெளியே இருத்தல் வேண்டும். இல்லையேல் குழாய் வைத்தும் நீர் வடியாது.

மண்ணைச் சோதிக்க எந்திரம் எதுவும் வேண்டுவதில்லை. ஈரமண்ணை ஒரு கைப்பிடி எடுத்து உருண்டையாக்கி மேலே எறிந்து பிடியுங்கள். உதிராமல் கைக்கு வந்தால் களிப்புள்ள மண். பின்னர் இடுப்பளவு ஆழத்தில் ஒரு குழி வெட்டிக் காலையில் நீர் நிரப்புங்கள். மாலைக்குள் சிறிது இறங்கும். மீண்டும் நிரப்பித் தழையால் மூடி வையுங்கள். மறுநாள் காலை பெரும்பகுதி நீர் நிற்குமாயின் அந்த மண் குளத்துக்கு ஏற்றது. பெங்களூர், ஓசூர்ப் பக்கத்துச் செம்மண் நீரை எளிதில் உறிஞ்சும் இயல்பினது. அத்தகைய நிலத்தில் களிமண்ணை வெளியிலிருந்து கொணர்ந்து அடித்தளத்தில் பரப்பி மிதித்து இறுக்க வேண்டியிருக்கும்.

கணக்கு எளிதாக விளங்க, 60 அடி நீளமும் 40 அடி அகலமும் உள்ள ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். ஆழம் மேட்டுப் பக்கம் 4 அடி, குழாய்ப் பக்கம் 5 அடி. கரையின் உட்சரிவுகளைக் கழித்துக் கணக்கிட்டால் இதில் ஏறத்தாழ 2 இலட்சம் லிட்டர் நீர் நிற்கும். அவ்வளவு நீரும் ஓரிடத்தில் கரையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது என்பதை மறக்கலாகாது.

குழாய் முதலில், கரை பின்னால்

கரையை முடித்துவிட்டுப் பின்னர் அதை வெட்டிக் குழாய் பதிப்பவர் உண்டு. இது பெரும் பிழை. வெட்டி மூடிய மண் பழைய மண்ணோடு ஒருபோதும் முழுமையாக ஒட்டாது. ஆகவே குளத்தின் மிகத் தாழ்ந்த புள்ளியில், கரை எழும்புமுன்னரே, குழாயைப் பதித்துவிட வேண்டும். நம் அளவுக் குளத்திற்கு 4 அங்குலக் கனமான பி.வி.சி. குழாய் போதும், ஒரு பகற்பொழுதில் நீரை வடித்துவிடும். நூறு அடிக்கு ஓரடி வீதம் வெளிப்புறம் நோக்கிச் சரிவு இருக்கட்டும்.

குழாயின் கீழே மணலோ சல்லியோ பரப்புதல் ஆகாது. வீட்டுச் சாக்கடைக் குழாய்க்கு அது நன்று. குளத்துக் குழாய்க்கு அதுவே நஞ்சு. நீர் மணலூடே குழாயை ஒட்டி ஊர்ந்து சென்று மண்ணைத் துகள் துகளாக அரித்து வெளியேற்றும். முதலில் ஈரக்கசிவு, பின்னர் விரலளவு ஓட்டை, ஓர் இரவில் கரையே போய்விடும். இதைத் தடுக்கக் குழாயின் நடுப்பகுதியில், கரையின் மையத்துக்குள் அமையுமாறு, 2 அடிக்கு 2 அடி அளவில் ஒரு சிமெண்டுக் கழுத்து வார்க்க வேண்டும். குழாயை ஒட்டி வரும் நீர் அக்கழுத்தில் முட்டி நின்றுவிடும். குழாயைச் சுற்றிக் குழைத்த களிமண்ணையே இட்டு, மரக்கட்டையால் கைப்பட இடித்து இறுக்குக. இவ்விடத்தில் மண்வாரி எந்திரத்தை நம்பலாகாது.

குளத்தின் உள்ளே குழாயின் வாயில் 'எல்போ' எனப்படும் வளைவு இணைப்பைப் பொருத்தி, அதில் 5 அடி உயரமுள்ள மற்றொரு குழாயைச் செங்குத்தாக நிறுத்துக. வளைவைப் பசையிட்டு ஒட்டிவிடாமல், இறுக்கமாகவும் சாய்க்கக் கூடியதாகவும் வைக்க வேண்டும். நிமிர்ந்து நிற்கும்வரை குளம் நிறைந்திருக்கும்; குழாயைச் சாய்க்கச் சாய்க்க அதன் வாய் தாழும், குளத்து நீரும் அந்த அளவுக்கு இறங்கும். முழுவதும் படுக்க வைத்தால் குளம் வெறுமையாகும். தாழ்ப்பாளும் திருகும் இல்லாத எளிய மதகு இது. நிற்கும் குழாயை ஒரு முளையோடு சங்கிலியால் பிணைத்துப் பூட்டி வைப்பது நல்லது. இன்றேல் விளையாட்டுப் பிள்ளை ஒருவன் காலால் உதைத்தாலும் விடிவதற்குள் மீனெல்லாம் சேற்றில் கிடக்கும்.

இப்பொழுது குமிழித் தூம்பை நினைவுகூர்க. நிற்கும் குழாய் மேல்நீரை மட்டுமே வெளியேற்றும்; மேல்நீரோ நல்ல நீர். கழிவும் அழுகிய தீனியும் தங்கி உயிர்வளி குன்றியிருப்பது அடிநீரே. ஆதலின் இக்குழாயைச் சுற்றி 8 அங்குலக் குழாய் ஒன்றை உறைபோல் மாட்ட வேண்டும். அதன் உச்சி நீர்மட்டத்திற்கு மேலே இருக்கட்டும். அடிப்பகுதியில் மட்டும் துளைகள் இடுக. நீர் அடித்துளைகளின் வழியே நுழைந்து, இரு குழாய்களுக்கும் இடையே ஏறி, உட்குழாயின் வாயில் விழுந்து வெளியேறும். கெட்ட நீர் முதலில் போகும். நல்ல நீர் நிற்கும். துளைகள் மீன்குஞ்சு நுழையா வண்ணம் சிறியனவாக இருத்தல் வேண்டும். நம் முன்னோர் கல்லில் கண்டதை நாம் பி.வி.சி.யில் காண்கிறோம், வேறுபாடு அவ்வளவே.

கரை எழுப்புதல்

கரை அமையும் இடத்துப் புல், வேர், மேல்மண் அனைத்தையும் அகற்றிய பின், கரையின் நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளம் எடுத்துக் களிமண்ணால் நிரப்பி இடிக்க வேண்டும். மரத்துக்கு ஆணிவேர் போல இது கரைக்கு வேர். பின்னர் மண்ணை அரையடிப் படலங்களாகப் பரப்பி, ஒவ்வொரு படலத்தையும் நனைத்துத் திமிசுக் கட்டையால் இடித்த பின்னரே அடுத்ததைப் பரப்புக. ஒரே நாளில் குவித்த மண்மேடு கரையாகாது.

கரையின் உட்சரிவு ஓரடி உயரத்துக்கு 2 அடி, வெளிச்சரிவு ஓரடிக்கு ஒன்றரை அடி, உச்சி அகலம் 4 அடி என வைத்துக்கொள்வோம். கரையின் உயரம் 6 அடி எனில் அதன் அடி அகலம் 25 அடியாகும். பலர் இதைக் கேட்டுத் திகைப்பர். ஆனால் இதில் சிக்கனம் பார்த்தால் பின்னர் அழ நேரும். புதுமண் தாழ்ந்து அமரும் என்பதால் பத்தில் ஒரு பங்கு உயரத்தைக் கூட்டியே கட்டுக. நீர் நிறைந்த நிலையிலும் கரையின் உச்சி ஓரடி மேலே நிற்க வேண்டும். சரிவுகளில் அறுகம்புல் பதியுங்கள்; மரம் வைக்காதீர்கள். மரம் பட்டுப்போனால் அழுகிய வேரே நீருக்கு வழியாகிவிடும்.

முதன்முறை நீர் நிரப்பும்போது பொறுமை வேண்டும். 2 அடி நிரப்பிச் சில நாள் பாருங்கள். பின் மேலும் ஓரடி. வெளிச்சரிவில் கசியும் நீர் தெளிவாக இருந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். கலங்கிச் சேறாக வந்தால் கரையின் உள்ளிருந்து மண் கரைகிறது என்று பொருள். அப்பொழுது கணமும் தாமதியாமல் குழாயைச் சாய்த்து நீரை இறக்கிவிட வேண்டும். குழாய் இல்லாதவன் அவ்வேளையில் மண்வெட்டியுடன் கரையை வெட்ட ஓடுவான். கேடும் அங்கேயே தொடங்கும். நண்டு வளைக்கும் எலி வளைக்கும் இவ்விதியே பொருந்தும்.

கலிங்கின் கடமை

'குழாய் இருக்க, கலிங்கு எதற்கு?' என வினவலாம். கணக்கே விடை கூறும். மேட்டு நிலம் ஓர் ஏக்கரில் ஒரு மணி நேரத்தில் 2 அங்குல மழை பெய்து, முழுதும் குளத்துக்கு ஓடி வந்தால் அது 7,260 கன அடி. ஏறத்தாழ 2 இலட்சம் லிட்டர். அஃதாவது, நம் குளம் கொள்ளும் நீர் முழுவதற்கும் ஈடு. வினாடிக்கு 57 லிட்டர் வீதம் வந்துகொண்டிருக்கும் அந்நீரை, வினாடிக்கு 20 லிட்டர் அளவே விடக்கூடிய 4 அங்குலக் குழாய் எவ்வாறு சமாளிக்கும்? மே மாதக் கோடைமழையும் செப்டம்பர், அக்டோபர் மழையும் இப்பகுதியில் சிறுபொழுதில் பெருநீர் கொட்டுவன. ஆகவே கரையின் ஒரு முனையில், இயற்கை மண்ணின் மேல், உச்சியைவிட ஓரடி தாழ்வாக, 4 அடிக்குக் குறையாத அகலத்தில் கல் பாவிய கலிங்கு அவசியம். மீன் தப்பாமல் அதன் குறுக்கே வலை நிறுத்துக. வலையில் தழை அடையாமல் மழைநாளில் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பே.

மீனுக்கும் மதகே துணை

நம் நாட்டுப் பெருங்கெண்டைகள் தேங்கிய நீரில் தாமாக இனம் பெருக்குவதில்லை. முற்காலத்தில் ஆற்று வெள்ளத்தில் குஞ்சு பிடித்து வந்தே குளத்தில் விட்டனர். 1957-ஆம் ஆண்டு சூலை 10-ஆம் நாள், ஒடிசாவின் அங்குல் என்னும் ஊரில், ஹீராலால் சௌத்ரி என்னும் அறிஞர் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசிவழி செலுத்திக் கெண்டைகளைக் குளத்திலேயே முட்டையிடச் செய்து வெற்றி கண்டார். அந்நாளே இன்று இந்தியாவில் தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவில் நடுவண் நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் உள்ளது. குளம் வெட்டுமுன் ஒருமுறை அங்குச் சென்று பார்த்து வருதல் பயன்தரும்.

நம் குளத்திற்கு 150 முதல் 200 விரலளவுக் குஞ்சுகள் போதும். மேல்மட்டத்தில் மேயும் கட்லா, நடுமட்டத்து ரோகு, அடிமட்டத்து மிர்கால் ஆகியவற்றைக் கலந்து விட்டால் ஒன்றன் உணவில் மற்றொன்று கைவைப்பதில்லை. இப்பகுதியின் குளிர்ச்சிக்குச் சாதாக் கெண்டையும் ஏற்றது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை மட்டும் விடவே கூடாது. பிற மீன்களை விழுங்கும் அதனை வளர்க்க 2000-ஆம் ஆண்டிலேயே நடுவண் அரசு தடை விதித்தது. நீர் விடுமுன் தளத்தில் 5 கிலோ சுண்ணாம்பு தூவுக.

மீனுக்குப் பெரும் ஆபத்து விடியற்காலையில். இரவெல்லாம் பாசியும் மீனும் உயிர்வளியைச் செலவிட, விடியலில் அது மிகக் குறைந்திருக்கும். மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து தவித்தால், குழாயைச் சற்றே சாய்த்து அடிநீரை வெளியேற்றிப் புதுநீர் விடுங்கள். அன்று தீனியை நிறுத்துங்கள். திருவள்ளுவர் சிலைக்கு அருகே, நாம் மாலைப்பொழுதில் உலவும் அல்சூர் ஏரியில், 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்த காட்சியை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கழிவுநீர் புகுந்து உயிர்வளி குன்றுமானால் எந்த நீர்நிலையும் அந்நிலையை அடையும்.

அறுவடையிலும் குழாயே உதவுகிறது. பத்துப் பன்னிரண்டு திங்களில், நன்கு பேணப்பட்ட மீன் முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை வளரும். நீரை வடித்தால் ஒரு மீனும் தப்பாது. பின்னர் தளம் வெடிக்கும்வரை வெயிலில் காயவிட வேண்டும். கொடுமீன்களும் நோய்க்கிருமிகளும் அழியும். வண்டலை வயலுக்கு எடுக்கலாம். கரையின் உட்புறத்தைச் செப்பனிடலாம். வடிக்க இயலாத குளம் ஆண்டுக்காண்டு சேறேறிப் பயனற்றுப் போகும்.

விடும் நீரும் நம் பொறுப்பே

இறுதியாக ஒன்று. நாம் திறந்துவிடும் நீர் எங்கே போகிறது? பெங்களூர் மேட்டில் இருப்பது. அதன் நீர் மூன்று பள்ளத்தாக்குகளின் வழியே இறங்குகிறது. எப்பாள், கோரமங்களாப் பள்ளத்தாக்குகளின் நீர் தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. விருசபாவதியின் நீர் அர்க்காவதி வழியாகக் காவிரிக்குச் செல்கிறது. நகரம் கழிவாக விட்டது கெலவரப்பள்ளியில் நுரையாகப் பொங்கியதை அண்மை ஆண்டுகளில் கண்டோம். நாம் இங்கே இருந்து விடும் நீரைத்தான் நாம் விட்டுவந்த ஊரார் பாசனத்துக்குப் பெறுகின்றனர்.

எனவே குளத்து நீரை ஓடையில் நேரே விடாமல், தென்னைக்கோ வாழைக்கோ நெல்வயலுக்கோ பாய்ச்சுங்கள். மீன் கழிவு பயிருக்கு உரம். ஓடைக்கோ அது நோய். நீரைத் தேக்கும் உரிமை உடையவனுக்கு அதை நல்வழியில் விடும் கடமையும் உண்டு. ஏரி வெட்டியதோடு தூம்பு வைத்ததையும் கல்லில் பொறித்தவர்கள் இவ்வுண்மையை அறிந்திருந்தார்கள். ஊருக்குச் சென்று குளம் வெட்ட எண்ணும் அன்பர்களே, மண்வெட்டியை எடுக்குமுன் ஒரு முழக்கயிற்றோடு நிலத்தின் தாழ்ந்த முனையில் போய் நில்லுங்கள். குழாய் எங்கே என்று முடிவு செய்துவிட்டு, அதன் பின்னரே கரை எங்கே என்று எண்ணுங்கள்.